உன் மலை எது, உன் ஆறு எது?

இந்த எபிசோடை நான் பட்ட ஒரு சின்ன அவமானத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.

ஆபீஸ் வேலையாக மூணு மாசம் ஆக்லாந்தில் இருந்தேன். ஆவடியில் என்னோடு டியூஷன் படித்த நண்பன் ஒருத்தன் அங்கேயே செட்டில் ஆகிவிட்டான். ஒருநாள் போன் பண்ணினான். "டேய், பல நாட்டிலிருந்து கிறிஸ்தவ இளைஞர்கள் கூடுற ஒரு நிகழ்ச்சி. சவுண்ட் பாத்துக்க ஆள் இல்ல. நீதான் பாட்காஸ்ட் பண்றியே, வந்துடு." மைக் பிடிக்கத் தெரிந்தவன் என்பதைத் தவிர எனக்கு அங்கே வேறு தகுதி எதுவும் கிடையாது.

போய் இறங்கியதும் ரெக்கார்டரை வெளியே எடுத்தேன். "அதை வண்டியிலேயே வை. நாம இன்னும் உள்ளேயே போகல" என்றான். எதிரே ஒரு மராய். மாவோரி மக்களின் ஊர்ப் பொது இடம் அது. முன்னால் ஒரு புல்வெளி, அதன் கடைசியில் செதுக்கு வேலை நிறைந்த ஒரு பெரிய வீடு. நாங்கள் அறுபது எழுபது பேர் கேட்டுக்கு வெளியே வெயிலில் நிற்கிறோம். யாரும் வா என்று சொல்லவில்லை. எனக்கு நம்ம ஊர் கோபம் வந்துவிட்டது. கூப்பிட்ட வீட்டில் இப்படியா வாசலில் நிற்க வைப்பாங்க?

அப்புறம் உள்ளேயிருந்து ஒரு பெண்ணின் குரல் எழுந்தது. நீளமான, இழுத்த குரல். பாட்டு மாதிரியும் இருந்தது, அழுகை மாதிரியும் இருந்தது. எங்கள் பக்கம் நின்ற ஒரு மாவோரிப் பாட்டி பதில் குரல் கொடுத்தார். அந்த இரண்டு குரல்களுக்கு நடுவில்தான் நாங்கள் மெதுவாக நடந்து உள்ளே போனோம்.

இந்த வரவேற்புச் சடங்குக்குப் பெயர் போஃபிரி. அதில் எனக்கு இரண்டு இடத்தில் மானம் போனது. முதலாவது, பேச்சு முடிந்ததும் பேசியவரின் கூட்டத்தார் எழுந்து பாட வேண்டும். எங்கள் தரப்புப் பேச்சு முடிந்ததும் சென்னைக் கோஷ்டியைப் பாடச் சொன்னார்கள். திருநெல்வேலிக்காரர் ஒரு அக்கா தயங்காமல் ஒரு தமிழ்க் கீர்த்தனையை எடுத்தார். எனக்கு ஒரு வரிகூடத் தெரியாது. வாயை மட்டும் அசைத்தேன்.

இரண்டாவதுதான் பெரிசு. சாயங்காலம் ஒரு பெரியவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மாவோரிகள் தங்களை அறிமுகம் செய்துகொள்ளும் முறைக்கு பெபெஹா என்று பெயர். என் மலை இது, என் ஆறு இது, என் முன்னோர் வந்த படகு இது, என் மக்கள் இவர்கள் என்று சொல்லிக்கொண்டே வந்து, தன் பெயரைக் கடைசியில்தான் சொல்வார்கள். அவர் தன்னுடையதைச் சொல்லிவிட்டு என்னைக் கேட்டார்: "உன் மலை எது? உன் ஆறு எது?"

"சென்னை" என்றேன்.

"அது ஊர். ஆறு?"

மக்களே, நான் அம்பத்தூர்க்காரன். திருவேற்காடு வழியாக ஓடும் கூவம் எங்கள் வீட்டிலிருந்து பைக்கில் போகிற தூரம்தான். ஆனால் அந்தப் பெயர் வாயில் வரவில்லை. "பெருசா ஆறு எதுவும் இல்லைங்க" என்று சொல்லிவிட்டேன். 2017-ல் வாங்கனுய் ஆற்றை ஒரு சட்டப்பூர்வமான நபராக ஏற்றுச் சட்டம் போட்ட நாட்டில் உட்கார்ந்துகொண்டு, எங்கள் ஆறே இல்லை என்று பொய் சொன்னேன்.

அந்தப் பொய் உறுத்தியதால்தான் இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்கத் தெரிந்தது, வாசலில் எங்களை நிற்க வைத்தது அலட்சியமே இல்லை. சடங்கே அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் படிகளைச் சொல்லிவிடுகிறேன். இடத்துக்கு இடம், இனக்குழுவுக்கு இனக்குழு கொஞ்சம் மாறும். முக்கியமான விருந்தினர் வந்தால் வெரோ என்ற சவால் நடக்கும். ஆயுதம் ஏந்திய வீரன் ஒருவன் சுழன்று வந்து ஒரு சின்ன இலைக்கொத்தையோ குச்சியையோ தரையில் வைப்பான். வந்தவர் அவன் கண்ணைப் பார்த்தபடியே அதைக் குனிந்து எடுத்தால், சமாதானமாக வந்திருக்கிறேன் என்று பொருள். பிறகு கரங்கா, அதாவது பெண்களின் அழைப்பு. அந்த அழைப்பில் இரு தரப்பிலும் இறந்துபோனவர்கள் நினைக்கப்படுவார்கள். அதனால்தான் நடுவில் ஓரிடத்தில் எல்லாரும் சற்று நின்றோம். அதன்பிறகு பேச்சுகள், பேச்சுக்குப் பாட்டு. விருந்தினர் கோஹா என்ற காணிக்கையை வைப்பார்கள். பிறகு ஹொங்கி: மூக்கோடு மூக்கு, நெற்றியோடு நெற்றி ஒட்டி ஒரே மூச்சைப் பகிர்ந்துகொள்வது. மாவோரிக் கதையில் தானே என்ற தெய்வம் மண்ணில் முதல் பெண்ணைச் செய்து, அவள் மூக்கில் மூச்சை ஊதி உயிர் கொடுத்தது. பைபிளின் ஆதியாகமத்திலும் மண்ணால் செய்த மனிதனின் நாசியில்தான் சுவாசம் ஊதப்படுகிறது. அந்தக் கூடுகையில் வந்திருந்தவர்கள் ஹொங்கிக்கு ஏன் கண் கலங்கினார்கள் என்பது எனக்கு இதைப் படித்த பிறகுதான் புரிந்தது.

கடைசிப் படி சாப்பாடு. சாப்பாட்டுக்கு அவர்கள் சொல்லும் வார்த்தை 'கை'. நாம அதாலதான் சாப்பிடுறோம், ஞாபகம் வெச்சுக்க ஈஸி.

சாப்பாடு ஏன் கடைசி? அந்த மராய்க்கு முதல் தடவை வருகிறவரை 'வைவை தபு' என்பார்கள். தபு உள்ள கால்கள் என்று அர்த்தம். தபு என்றால் புனிதம், கூடவே விலக்கு, ஆபத்து. அந்நியன் ஒருவன் தன்னோடு எதைக் கொண்டு வருகிறான் என்று யாருக்கும் தெரியாது. படிப்படியாக அந்தத் தபு விலகும். சேர்ந்து சாப்பிட்டதும் அது முழுசாக நீங்கி, வந்தவர் சாதாரண மனிதராக, நம்மவராக ஆகிவிடுகிறார். புதுப்பெண்ணை வாசலில் நிறுத்தி, ஆரத்தி எடுத்து, "வலது காலை எடுத்து வெச்சு வா" என்று சொல்கிற வீட்டில் வளர்ந்த எனக்கு, வாசலில் நிற்கும்போது இது உறைக்கவே இல்லை பாருங்க.

சாஃப்ட்வேர்காரன் புத்திக்கு இது ஒரு புரோட்டோகால். இரண்டு கம்ப்யூட்டர்கள் பேசத் தொடங்கும் முன் மூன்று தடவை தகவல் பரிமாறிக்கொள்ளும். நான் பேசலாமா? பேசலாம், நான் பேசுவது கேட்கிறதா? கேட்கிறது. இந்த மூன்றாவது பதில் வராவிட்டால் இணைப்பு பாதி திறந்தபடியே தொங்கும். வெளியே பார்த்தால் கதவு திறந்திருக்கிற மாதிரி இருக்கும், ஆனால் எதுவும் உள்ளே போகாது. வரலாற்றில் இந்தப் பாதித் திறப்பு எத்தனை உயிரைக் குடித்திருக்கிறது என்று பார்ப்போம்.

1642 டிசம்பர் 18. டச்சு மாலுமி ஆபெல் டாஸ்மான் இரண்டு கப்பல்களோடு நியூசிலாந்தின் தென் தீவின் வட முனையில் நங்கூரம் போடுகிறார். ஐரோப்பியரும் மாவோரிகளும் சந்தித்த முதல் நிகழ்வு அது. சாயங்காலம் மாவோரிப் படகுகள் வருகின்றன. உரக்கக் கூப்பிடுகிறார்கள், கொம்பு மாதிரி ஒரு வாத்தியத்தை ஊதுகிறார்கள். டச்சுக்காரர்கள் நட்பாக இருக்கட்டும் என்று பதிலுக்கு ட்ரம்பெட் ஊதுகிறார்கள். அந்தக் கொம்பொலி ஒரு சவாலாக இருந்திருக்கலாம் என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். அப்படியென்றால், சவாலுக்குச் சரி என்று இவர்கள் பதில் சொல்லிவிட்டார்கள். மறுநாள் காலை இரண்டு கப்பல்களுக்கும் நடுவே போய்க்கொண்டிருந்த சிறு படகு தாக்கப்பட்டு நான்கு மாலுமிகள் செத்தார்கள். டாஸ்மான் அந்த இடத்துக்குக் கொலைகாரர் வளைகுடா என்று பெயர் வைத்துவிட்டு, கரையில் கால் வைக்காமலேயே போய்விட்டார்.

அடுத்து 1769 அக்டோபர். ஜேம்ஸ் குக் வட தீவின் கிழக்குக் கரையில், இன்றைய கிஸ்பர்ன் இருக்கும் இடத்தில் இறங்குகிறார். இறங்கிய முதல் நாளே தே மாரோ என்ற மாவோரித் தலைவர் குக்கின் ஆட்களால் சுடப்பட்டு இறந்தார். மறுநாள் ஒரு ஆச்சரியம். குக்கோடு வந்தவர்களில் துபாயா என்ற பாலினேசியர் ஒருவர் இருந்தார். அவர் பேசியது மாவோரிகளுக்குப் புரிந்தது. ஆற்றின் நடுவில் இருந்த ஒரு பாறையில் ஒரு மாவோரியும் குக்கும் ஹொங்கி செய்துகொண்டார்கள். இணைப்பு கிடைத்துவிட்டது என்று நினைக்கும்போதே, பொருள்களைக் கைமாற்றுவதில் சச்சரவு. ஒரு வாள் பறிக்கப்பட்டது, தே ராகாவு என்ற இன்னொரு மாவோரி சுடப்பட்டு இறந்தார். மூச்சைப் பகிர்ந்துகொண்ட அன்றே துப்பாக்கி. சாப்பாடு வரை போகவே இல்லை.

அந்த மண்ணில் ஒரு கிறிஸ்தவக் கூட்டம் முதன்முதலாக ஒழுங்காக நடந்த கதை 1814-ல் வருகிறது. சிட்னிப் பக்கம் பாதிரியாராக இருந்த சாமுவேல் மார்ஸ்டன் அந்த வருஷக் கிறிஸ்துமஸ் அன்று, வளைகுடாத் தீவுகள் பகுதியில் ஓய்ஹி என்ற இடத்தில் பிரசங்கம் செய்தார். பாடப் புத்தகங்களில் இது மார்ஸ்டன் செய்த சாதனை. கொஞ்சம் உள்ளே போய்ப் பார்த்தால் வேலை செய்தவர் ருவாதாரா. அந்த ஊரின் இளம் மாவோரித் தலைவர். திமிங்கில வேட்டைக் கப்பல்களில் வேலை செய்து, அடி உதை வாங்கி, 1809-ல் லண்டன் வரை போய், நோயாளியாகத் திரும்பும் வழியில் கப்பலில் மார்ஸ்டனைச் சந்தித்தவர். மார்ஸ்டன் அவரைப் பார்த்துக்கொண்டார், தன் வீட்டில் தங்க வைத்தார். அந்த நன்றிக் கடனை அவர் தன் ஊரில் திருப்பிக் கொடுத்தார். கொஞ்சம் நிலத்துக்கு வேலி போட்டு, மேடை கட்டி, பழைய படகுகளைக் கவிழ்த்து வெள்ளைக்காரர்கள் உட்கார இடம் செய்து, கொடிக்கம்பமும் நட்டிருந்தார். எல்லாம் அவருடைய சொந்த ஏற்பாடு.

மார்ஸ்டன் ஆங்கிலத்தில் பேசினார். எங்களுக்கு ஒண்ணும் புரியலையே என்று ஊர்க்காரர்கள் ருவாதாராவிடம் சொன்னார்கள். இப்ப அதைப் பத்திக் கவலைப்படாதீங்க, போகப் போகப் புரியும் என்றார் அவர். கூட்டம் முடிந்ததும் நூற்றுக்கணக்கான மாவோரிகள் மார்ஸ்டனைச் சூழ்ந்து போர் நடனம் ஆடித் தங்கள் மகிழ்ச்சியைக் காட்டினார்கள். வந்தவர் பேச வந்த செய்தி அன்று போய்ச் சேரவில்லை. ஆனாலும் அவர் விருந்தினராக ஆகிவிட்டார். ருவாதாரா மூன்றே மாதத்தில், 1815 மார்ச்சில் இறந்துபோனார்.

அப்போ நம்ம ஆளுங்க யாராவது அங்கே போயிருக்காங்களா என்று கேட்பீங்க. போயிருக்காங்க. 1810 வாக்கில் ஒரு வங்காளி மாலுமி அதே வளைகுடாத் தீவுகளில் கப்பலை விட்டு ஓடி, மாவோரிப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே வாழ்ந்தார். தமிழும் போயிருக்கிறது. 1836 வாக்கில் வில்லியம் கொலென்சோ என்ற மிஷன் அச்சுக்காரர், மாவோரிப் பெண்கள் உருளைக்கிழங்கு வேகவைக்கும் ஒரு வெண்கலப் பாத்திரத்தைப் பார்த்தார். உற்றுப் பார்த்தால் அது உடைந்துபோன ஒரு கப்பல் மணி. சுற்றிலும் எழுத்து. புயலில் சாய்ந்த ஒரு பெரிய மரத்தின் வேரடியில் கிடைத்தது என்றார்கள். ஓர் இரும்புப் பானையைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டார். முகைதீன் பக்‌ஷ் என்பவருடைய கப்பலின் மணி என்று அதில் தமிழில் எழுதியிருந்தது. இன்று வெலிங்டன் தே பாபா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த மணி எப்படி அங்கே வந்தது என்பது பற்றி ஏகப்பட்ட கதைகள் உண்டு. எனக்குப் பிடித்தது வேறு. யாரோ ஒரு தமிழ் முஸ்லிம் மரக்கலக்காரரின் மணி, முன்பின் தெரியாத ஒரு ஊரில் கடைசியில் அடுப்பங்கரைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது பாருங்க. விருந்தாளி வீட்டு ஆளாகிற இடம் அதுதானே?

இப்போ அடுப்பங்கரைக்கு, சாப்பாட்டு மேசைக்கு வருவோம். அதுவரைக்கும் போக முடியாத ஒரு தமிழரின் கோபம் இருக்கிறது.

1910 ஜூன், ஸ்காட்லாந்தின் எடின்பரோ. உலக மிஷனரி மாநாடு. சுமார் 1200 பிரதிநிதிகள். அதில் ஆசியாவிலிருந்து வந்தவர்கள் இருபது பேருக்குள்தான். அவர்களில் ஒருவர் வி. எஸ். அசரியா. திருநெல்வேலிப் பக்கம் வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்தவர், சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர், அப்போது வயது முப்பத்தைந்து. தன்னைக் கூப்பிட்டு மேடை கொடுத்தவர்களைப் பார்த்து, வெள்ளைக்கார மிஷனரிகளுக்கும் இந்திய ஊழியர்களுக்கும் நடுவில் நட்பே இல்லை என்று நேராகச் சொன்னார். கைகுலுக்குவது, உட்கார நாற்காலி தருவது, விருந்துக்கும் தேநீருக்கும் கூப்பிடுவது என்று மிகச் சின்ன விஷயங்களைப் பட்டியலிட்டார். அவற்றை அவற்றுக்காகவே நான் கேட்கவில்லை, நட்பின் அடையாளமாக வருமென்றால் அத்தனையும் வேண்டும், அதற்கு மேலும் வேண்டும் என்றார். ஏழைகளுக்குக் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், இனி எங்களுக்கு நண்பர்களைக் கொடுங்கள் என்று முடித்தார். அரங்கில் பலருக்குப் பிடிக்கவில்லை. இன்று அந்த மாநாட்டில் பேசப்பட்டவற்றில் அதிகம் நினைவுகூரப்படுவது அந்தப் பேச்சுதான்.

அசரியா சொன்னதை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். எங்களை வாசல் தாண்டி உள்ளே விட்டீர்கள், கூடவே உட்கார்ந்து சாப்பிட மட்டும் விடவில்லை. பாதி திறந்த இணைப்பு.

இரண்டு வருஷம் கழித்து, 1912-ல், அவர் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். 1938 டிசம்பரில் அடுத்த பெரிய உலக மாநாடுகளில் ஒன்று நம்ம ஊருக்கே வந்தது. முதலில் சீனாவில் நடத்துவதாக இருந்தார்கள். ஜப்பான் படையெடுத்ததால் முடியவில்லை. தாம்பரத்துக்கு அப்போதுதான் இடம் மாறியிருந்த சென்னை கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில் சுமார் 470 பேர் கூடினார்கள். இந்தத் தடவை கிட்டத்தட்ட பாதிப் பேர் ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா போன்ற இடங்களின் சபைகளிலிருந்து வந்தவர்கள். எடின்பரோவில் இருபது பேருக்குள் இருந்தவர்கள், இருபத்தெட்டே வருஷத்தில் கூட்டத்தில் பாதி. விருந்து கொடுக்கும் இடத்தில் இந்தத் தடவை நாம் இருந்தோம். அம்பத்தூரிலிருந்து பைபாஸில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் அந்த வளாகத்துக்குப் போய்விடலாம். பள்ளி, கல்லூரி எதிலும் எனக்கு இதை யாரும் சொன்னதில்லை.

மாவோரிகளுக்கும் இந்த மேசை சும்மா கிடைக்கவில்லை. மிஷனரிகள் அவர்களுடைய பச்சை குத்துவதையும் ஆட்டத்தையும் பழக்கங்களையும் நெடுங்காலம் தடுத்தார்கள். பள்ளியில் தாய்மொழி பேசியதற்கு அடி வாங்கிய தலைமுறை இருக்கிறது. அவர்கள் மொழி ஆட்சி மொழியானது 1987-ல்தான். 1992-ல் அங்குள்ள ஆங்கிலிக்கன் சபை தன் அமைப்பு விதியையே மாற்றி எழுதி, மாவோரி, வெள்ளையர், பசிபிக் தீவினர் மூவருக்கும் சம இடம் தந்தது. இன்று ஒரு கிறிஸ்தவக் கூடுகைக்கு மாவோரிகள் வாசலில் நின்று வரவேற்பு தருகிறார்கள் என்றால், இந்த மண்ணின் வீட்டுக்காரர்கள் நாங்கள்தான் என்று சொல்கிறார்கள். அதைக் கலை நிகழ்ச்சி என்று நினைத்து ரெக்கார்டரோடு போனவன் நான்.

இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு தமிழ் வார்த்தையில் வந்து முட்டினேன். விருந்து. பழந்தமிழில் அதற்குப் புதுமை என்று பொருள். பிறகு புதிதாக வந்தவர் என்றானது. குறளில் விருந்தோம்பல் என்று ஒரு அதிகாரமே உண்டு இல்லையா, அங்கே விருந்து என்றால் வீட்டுக்கு வந்த புதியவர்தான். இன்று விருந்து என்றால் சாப்பாடு. புதுசு, புது ஆள், சாப்பாடு. போஃபிரி கேட்டில் தொடங்கி மேசையில் முடிகிற அதே பாதையை நம்ம வார்த்தை ஒண்ணு தனக்குள்ளேயே நடந்து முடித்திருக்கிறது.

ஊர் திரும்பினேன். எங்கள் அபார்ட்மென்ட் கேட்டில் இப்போது யார் வந்தாலும் பெயர், போன் நம்பர், போட்டோ. யார் நீ என்று கேட்பதில் எங்களை யாரும் மிஞ்ச முடியாது. வந்தாரை வாழவைக்கும் ஊர் என்று பெருமையும் உண்டு. அறுபதுகளிலிருந்து தொழிற்பேட்டையை நம்பி வாழும் அம்பத்தூர் இது. லேத்துப் பட்டறை முதல் ஐடி கம்பெனி வரைக்கும் வெளியூர்க்காரர்கள் கை இல்லாமல் ஓடாது. எங்கள் பின்பக்கத் தெருவில் ஒடிசாப் பையன்கள் நாலு பேர் ஒரே ரூமில் இருக்கிறார்கள். அதில் ஒருத்தனை இரண்டு வருஷமாக டீக்கடையில் தினமும் பார்க்கிறேன். தலையாட்டுவேன், அவனும் ஆட்டுவான். பெயர் தெரியாது. சவால் விட்டாயிற்று, அவனும் குனிந்து இலையை எடுத்துவிட்டான். அதற்குமேல் நான் ஒரு அடிகூட எடுத்து வைக்கவில்லை.

போன மாசம் அவனிடம் பெயரைக் கேட்டேன். மைக்கில் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இங்கே சொல்லவில்லை. அப்புறம் கேட்டேன், "உங்க ஊர்ல என்ன ஆறு?"

முகம் மாறிவிட்டது. "மகாநதி அண்ணா." கையை அகலமாக விரித்துக் காட்டினான். வெள்ளம் வந்த கதை, மீன் பிடித்த கதை. அரைகுறைத் தமிழில், பாதி இந்தியில், டீ ஆறும்வரை பேசினான். பிறகு கேட்டான், "உங்க ஆறு, அண்ணா?"

"கூவம்" என்றேன்.

சிரித்துவிட்டான். நானும் சிரித்தேன். ஆனால் இந்தத் தடவை பெயரைச் சொல்லிவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். அம்மா முதலில் "யாருடா அது?" என்றார். கேட்க வேண்டிய கேள்விதான். வந்தான், கேட்டில் போட்டோ எடுத்துக்கொண்டார்கள், மாடி ஏறினான். மீன் குழம்பு. அம்மா அவன் இலையைப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோப்பா" என்றார். அவனுக்கு அந்த வாக்கியத்துக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

அந்த ஆக்லாந்துப் பெரியவருக்கு ஒரு மெயில் போட்டிருக்கிறேன். என் மலை பரங்கிமலை, என் ஆறு கூவம், என் படகு பட்டாபிராம் லோக்கல், என் மக்கள் அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டில் நிற்பவர்கள். முன்பு சொன்னது பொய், மன்னிக்கவும்.

உங்க மலை எது, ஆறு எது என்று எனக்கு எழுதுங்க. ஏரி என்றாலும் சரி, கொரட்டூர் ஏரிக்காரங்க கோச்சுக்க வேண்டாம். அதுக்கு முன்னாடி, நீங்க தினமும் தலையாட்டுற ஒருத்தர் இருப்பார் இல்ல? அவர்கிட்ட கேட்டுட்டு எழுதுங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.